தவசிக்கனியைப் பார்த்த பூச்சிகள்

முதலில் சத்தம்தான் வந்தது. உமியோடு நெல்லைச் சுளகில் போட்டு யாரோ ஒரே ஒரு தடவை ஒரு பக்கமாகச் சரித்தால் எப்படி இருக்குமோ அப்படி, சர்ர்ரென்று ஒரு சத்தம், வெள்ளைப்பொத்தையின் எல்லாத் தெருவிலும் ஒரே நேரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கேட்டது. டீக்கடையில் பேப்பர் படித்தவர்கள் தலை நிமிர்ந்தார்கள், குழாயடியில் குடத்தை நிமிர்த்திக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள், பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு பாதியில் நின்றது. பிறகுதான் கண்ணில் பட்டது. வேலியில், மதிலில், கரண்டுக் கம்பத்தில், பஞ்சாயத்து ஆபீஸ் போர்டில், சர்ச் வாசல் கேட்டில், காற்றாலைத் தூண்களின் இரும்புக் கதவில், இதுநாள்வரை இருக்கிறதென்றே யாருக்கும் தெரியாமல் இருந்த கும்பிடுபூச்சிகள் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்திருந்தன. எல்லாம் ஒரே திசைக்குத் தலையைத் திருப்பி வைத்திருந்தன. அந்தத் திசையில் பஸ் ஸ்டாண்டு இருந்தது, பஸ் ஸ்டாண்டில் தவசிக்கனியின் ஸ்டுடியோ இருந்தது, தவசிக்கனி அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிவிட்டு உள்ளே காலெடுத்து வைத்திருந்தான்.

நான் அப்போது தூங்கிக்கொண்டிருந்தேன். நாலுவழிச் சாலைப் பெட்ரோல் பங்கில் இருபத்திரண்டு வருசமாக ராத்திரி ஷிப்டு. ஊருக்குப் பகல் என்றால் எனக்குத் தலையணை. என் மனைவி பேச்சித்தாய் வந்து தோளைத் தட்டினாள்.

"இந்தா, எந்திரிங்க. நம்ம பூச்சி அவனைப் பாக்குது."

"எவனை?"

"வேற எவனை. அந்தக் கனியைத்தான்."

எழுந்து கொல்லைக்குப் போனேன். கொடியில் காயப்போட்டிருந்த என் காக்கிச் சட்டையின் தோளில் ஒன்று உட்கார்ந்திருந்தது, உடம்பு என் பக்கம், தலை மட்டும் கிழக்கே. கும்பிடுபூச்சியின் கண்ணைப் பக்கத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் ஒரு கரும்புள்ளி உண்டு, நாம் எந்தப் பக்கம் போய் நின்றாலும் அந்தப் புள்ளி நம் பக்கமே வந்து நிற்கும். நான் அதன் முன்னால் போய் நின்றேன், பின்னால் போய் நின்றேன், முட்டிபோட்டுக் கீழே இருந்து பார்த்தேன். புள்ளி என் பக்கம் வரவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கமே இருந்தது. சிரித்துவிட்டுப் போய்ப் படுத்தேன். அவ்வளவு நிம்மதியாக நான் வருசக்கணக்கில் தூங்கியதில்லை.

நிம்மதிக்குக் காரணம் இருக்கிறது.

பங்கு விளக்குக்கு வரும் பூச்சிகளைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு இந்தப் பித்துப் பிடித்தது. துபாயிலிருந்து திரும்பிய மச்சினன் தன் பழைய கேமராவைக் கொடுத்தான். மற்றதை லாரி வராத இடைவெளிகளில் போனில் பார்த்துப் படித்தேன். எந்த லென்ஸ் வாங்குவது என்று இரண்டு வருசம் யோசித்தேன், வாங்காமலே. அறுபது எம்.எம். என்றால் பூச்சியின் மூஞ்சியில் போய் முட்ட வேண்டும், நம் நிழல் விழுந்ததும் பறந்துவிடும். நூறு என்றால் ஒரு சாண் தள்ளி நிற்கலாம், அது மரியாதையான தூரம். நூற்றெண்பது என்றால் இன்னும் தள்ளி நிற்கலாம், ஆனால் அதன் கனத்துக்கு எங்கள் ஊர்க் காற்றில் கை நடுங்கும். கடைசியில் வக்கில்லாதவன் செய்வதைச் செய்தேன். கேமராவோடு வந்த சாதாரண லென்ஸைக் கழற்றி, ஓர் அலுமினிய வளையத்தில் பின்பக்கம் முன்னால் வரும்படி தலைகீழாக மாட்டினேன், அதன் முதுகில், வெளிச்சம் புகும் துளையைத் திறந்து மூடும் சின்ன நெம்புகோலில் தீப்பெட்டி அட்டையைக் கிழித்துச் செருகி இருட்டையும் வெளிச்சத்தையும் நிறுத்திவைத்தேன். மூன்று விரற்கடைக்குள் போனால்தான் படம் விழும். அவ்வளவு பக்கத்தில் பூச்சி நம்மைப் பொறுத்துக்கொள்வது விடியற்காலையில் மட்டும்தான், பனியில் நனைந்து, கால் விறைத்து, சூரியனுக்குக் காத்திருக்கும்போது. அது என் ஷிப்டு முடியும் நேரம். நானும் அப்படித்தான் இருப்பேன்.

ப்ளாஷ்தான் பெரிய யோசனை. எங்கள் ஊரில் காற்றாலை நட்டிருப்பதே காற்று ஓயாது என்பதால். அத்தனை பெரிதாகப் பார்க்கும்போது இலை மூச்சுவிட்டாலே பூகம்பம். ப்ளாஷை முழு வலுவில் எரிய விட்டால் அது நீண்டு எரிந்து ஆட்டத்தையும் சேர்த்துப் படமாக்கும். முப்பத்திரண்டில் ஒரு பங்காகக் குறைத்தால், ஒரு நொடியைப் பல ஆயிரமாக நறுக்கி அதில் ஒரே ஒரு துண்டை எடுத்துக்கொள்ளும், காற்றுக்கே தெரியாமல். ஆனால் வெறும் ப்ளாஷ் பூச்சி முதுகில் போலீஸ் டார்ச் மாதிரி அடிக்கும். அதனால் பங்கில் காலியான வெள்ளை எஞ்சின் ஆயில் டப்பா ஒன்றை இரண்டாக வெட்டி, உள்ளே டிரேசிங் பேப்பர் ஒட்டி, ப்ளாஷின் முன்னால் பிடிக்கச் செய்தேன். டப்பாவின் கைப்பிடிக்கட்டை நடுவே ஒரு கருப்புக் கோடாக நிற்கும். அதைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நிற்பது பேச்சித்தாய், நைட்டியோடு, பனிக்குத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு. கண்டுபிடிப்பதும் அவள்தான். எனக்குக் கண்ணாடி இல்லாமல் லாரி நம்பரே தெரியாது. அவள் இருபதடி தள்ளி இலைக்கடியில் முட்டை இருப்பதைச் சொல்லுவாள்.

அப்படித்தான் ஒருநாள் ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போனவள், காற்றாலைக்குக் கீழே உடைமரத்தின் முன் நின்று கூப்பிட்டாள். "ஏங்க, இந்த முள்ளு நடக்குது." முள்ளின் நிறம், முள்ளின் நுனி, முள்ளின் வெளுப்பு, முள்ளுக்கு நடுவே அத்தனை சின்னதாக ஒரு கும்பிடுபூச்சி. காற்று விடியலில் அரைமணி நேரம் ஓய்வெடுக்கும். அந்த அரைமணியில், கேமராவை மயிரிழை மயிரிழையாக முன்னே நகர்த்தி நாற்பத்திரண்டு படம் எடுத்தேன். இவ்வளவு பக்கத்தில் ஒரு படத்தில் ஒரு மீசை நுனிதான் தெளிவாக விழும், இன்னொன்றில் கண், இன்னொன்றில் கழுத்து. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஒன்றாகச் சேர்த்தால்தான் முழுப்பூச்சி.

பங்குச் சுவரில் ஒரு காலேஜ் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள்: காற்றாலைப் பகுதியில் உள்ள பூச்சிகளின் படம் அனுப்புங்கள், இதுவரை பதிவாகாத இனமாக இருந்தால் கண்டுபிடித்தவர் சொல்லும் பெயரே அதற்கு வைக்கப்படும். கூடவே ஒரு விண்ணப்பம். அதில் பெயர் என்ற கட்டத்தில் நான் பேச்சித்தாய் என்று எழுதினேன்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. பேர் சொல்ல ஒண்ணு இல்லாமப் போச்சே என்று அவள் சித்தி ஒவ்வொரு கோயில் கொடைக்கும் மறக்காமல் சொல்லுவாள். கல்யாண வீட்டில் ஆரத்தித் தட்டு அவள் கையை மட்டும் சுற்றிக்கொண்டு போகும். விண்ணப்பத்தை அவள் இரண்டு தடவை படித்தாள்.

"எம் பேரா. பூச்சிக்கா."

"ஆமாட்டி. நாம செத்த பொறவும் படிச்சவங்க வாயில கெடக்கும்."

"கரப்பான்பூச்சிக்கு வச்சிருந்தா சண்டை போட்டிருப்பேன். இது கொஞ்சம் லட்சணமாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போனவள் வெகுநேரம் உள்ளே வரவில்லை.

எங்களிடம் கம்ப்யூட்டர் கிடையாது. தவசிக்கனியிடம் இருந்தது. ஊரிலேயே நூறு எம்.எம். மேக்ரோ லென்ஸும், லென்ஸைச் சுற்றி மோதிரம்போல மாட்டும் வட்ட ப்ளாஷும் அவனிடம்தான் இருந்தன. நேரில் அண்ணாச்சி என்பேன், மனசுக்குள் அவன் என்பேன். பூச்சி அசையாமல் இருக்க அதை டப்பாவில் போட்டு ப்ரிட்ஜில் வைப்பான், விறைத்ததும் எடுத்துப் பூவில் ஒட்டுவான். நல்ல தெளிவான படங்கள், ஆனால் ஒன்றும் உயிரோடு இருக்காது. மெமரி கார்டையும், விண்ணப்பத்தையும், அடையாளம் காணக் குப்பியில் போட்ட இரண்டு பூச்சிகளையும் அவனிடம் கொடுத்து, படத்தைச் சேர்த்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினான். புது விண்ணப்பத்தில், தன் பெயரில்.

எட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டில் இருபதடி ப்ளெக்ஸ் நின்றது. உலக அறிவியலில் இடம்பிடித்த வெள்ளைப்பொத்தையின் மைந்தர் என்று எழுதி, ஒரு பக்கம் கூலிங் கிளாஸ் போட்ட தவசிக்கனி, இன்னொரு பக்கம் எங்கள் பூச்சி, கீழே அவன் பெயரை லத்தீன் மாதிரி இழுத்து நீட்டி வைத்த அதன் பெயர். பூச்சியின் கண் மட்டும் இரண்டடி. அந்தக் கண்ணுக்குள் வெள்ளையாக ஒரு பெட்டி வெளிச்சம், நடுவே ஒரு கருப்புக் கோடு, ஓரத்தில் தலையில் துண்டு கட்டிய நைட்டி.

டீக்கடை ஆசீர்வாதம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "பேச்சித்தாய்தான் வே. துண்டுல பூப்போட்ட கரை கூடத் தெரியுது."

ஆமா அவதான் என்றார்கள் எல்லோரும். பார்த்தார்கள், ஒப்புக்கொண்டார்கள், டீ குடித்தார்கள், கலைந்தார்கள்.

நான் ஸ்டுடியோவுக்குள் போனேன்.

"அண்ணாச்சி, அது எங்க படம்லா. ஒங்க ப்ளாஷு மோதிரம், கண்ணுக்குள்ள வட்டமா விழும். இது பெட்டி. எங்க ஆயில் டப்பா."

"நாப்பத்திரெண்டு துண்டாக் கொண்டாந்தீரு வே," என்றான், கீபோர்டிலிருந்து கையை எடுக்காமல். "ஒவ்வொண்ணுலயும் ஒரு மீசை முடி. அதப் படம்னா சொல்லுவாவ? முழுசாக்குனது யாரு?"

"பேரு?"

"பேரு ஒரு பேருதான. ஓம்ம வீட்டுக்காரி பேர வச்சிருந்தா காலேஜ்ல சிரிச்சிருப்பாவ."

"நல்லா இருங்க அண்ணாச்சி," என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் சொன்ன தொனியில் எங்கள் பக்கம் அதைச் சொன்னால் அது வாழ்த்தில்லை. அது ஞாயிறு. செவ்வாய்க்கிழமை பூச்சிகள் திரும்பின.

ஏன் என்று ஊரில் யாரும் ரொம்ப நேரம் கேட்கவில்லை. "அவரு பேரத்தான வச்சிருக்கு, பேருக்காரனப் பாக்குது," என்றார் ஆசீர்வாதம், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. முதல் வாரம் அவனுக்கு மாலை விழுந்தது. ஆயிரம் பூச்சிகள் கைகூப்பி ஒருவனைக் கும்பிட்டால் அவனிடம் ஏதோ இருக்கும் என்று பச்சைப்பிள்ளைகளைக் கொண்டுவந்து மடியில் போட்டார்கள், லாரிக்காரர்கள் எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டு போனார்கள், அவனும் நெற்றியில் கொஞ்சம் பெரிதாகவே நாமம் இழுக்க ஆரம்பித்தான். நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மூன்று விரற்கடையில் அந்தக் கைகளைப் பார்த்தவன் நான்; அது கும்பிடில்லை, முள் வரிசையை மடித்துவைத்துக்கொண்டு இரை வருகிற நேரத்துக்குக் காத்திருப்பது.

பிறகு ஊர் அவனைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டது. அவன் காலை பத்துக்குக் கடைக்கு வருவான், ஒன்றேகாலுக்குச் சாப்பிட வீட்டுக்குப் போவான், நாலு மணிக்கு டீ, எட்டுக்கு ஷட்டர். அவன் போகப் போகப் பூச்சிகளின் தலைகளும் நகர்ந்தன, கையில் போன் வைத்திருந்தவர்கள்கூட அதை எடுத்துப் பார்ப்பதை விட்டுவிட்டு மதிலைப் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் மதிலில் இருந்த பூச்சி கிழக்கே திரும்பினால் முதல் மணி, மேற்கே திரும்பினால் மத்தியானச் சாப்பாடு. தண்ணீர் திறக்கிறவர் வால்வுப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்த ஒன்றைப் பார்த்துத் திறந்தார். பீடி சுற்றும் பெண்கள் அவன் டீக்கு எழுந்ததை வைத்து இடுப்பை நிமிர்த்தினார்கள். காய்ச்சலில் அவன் ஒருநாள் வீட்டிலேயே படுத்துவிட, பள்ளிக்கூடம் பதினொன்றரைவரை தொடங்கவில்லை. மறுநாள் பஞ்சாயத்துத் தலைவி வனிதா இரண்டு வார்டு மெம்பர்களோடு அவன் வீட்டுக்கு வந்தார்.

"ஒடம்பு இப்ப எப்படி அண்ணாச்சி?"

"பரவால்ல தாயி."

"பரவால்லன்னா பத்து மணிக்கு வந்துருங்க. அரைப்பரீட்சை நடக்குதுல்லா. பிள்ளைய பாவம்."

அவன் ஒளிந்துகொள்ள இடமில்லாமல் போயிற்று. அவன் எங்கே என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை, டீக்கடைப் பிஸ்கட் பாட்டில்மேல் இருக்கிற பூச்சியைப் பார்த்தால் போதும். கல்யாண வீட்டில் அவன் கேமராவைத் தூக்கினால் மணவறைப் பூவிலிருந்து நாற்பது முகங்கள் லென்ஸைப் பார்த்தன. மாப்பிள்ளை பொண்ணைப் பார்க்கிறான், பொண்ணு தரையைப் பார்க்கிறாள், ஆல்பம் முழுக்கப் பூச்சி நம்மைப் பார்க்கிறது. முதல் இரண்டு கல்யாணத்துக்கு அதிர்ஷ்டம் என்றார்கள். மூன்றாவதில் பொண்ணு அழுதாள். அதன்பிறகு பக்கத்து ஊர் ஸ்டுடியோவைக் கூப்பிட்டார்கள். ஒருமுறை தாங்காமல் மதுரையில் அக்கா வீட்டுக்கு ஓடிப்போனான். எட்டு நாள் ஊர்ப் பூச்சி முழுக்க வடக்கே பார்த்தபடி அசையாமல் இருந்தது, எட்டு நாளும் பள்ளிக்கூடத்தில் ஒரே பீரியடு நடந்தது, ஒன்பதாம் நாள் பஞ்சாயத்து வேன் போய் அவனை ஏற்றிக்கொண்டு வந்தது.

நான் ஷிப்டு முடிந்து வரும்போது ஒவ்வொரு விடியலிலும் அவன் தெரு வழியாகச் சுற்றி வருவேன். அவன் வீட்டு மதில் முள்ளின் வெளுப்பில் நிறைந்திருக்கும், எல்லாத் தலையும் மாடி ஜன்னல் பக்கம். தலைகள் மெதுவாக இடமிருந்து வலம், வலமிருந்து இடம் போய்வந்தால் அவன் தூக்கமில்லாமல் உலாத்துகிறான் என்று அர்த்தம். நான் சைக்கிளில் ஒரு காலை ஊன்றி நின்று அதைப் பார்ப்பேன். சிலர் விடியலில் கோயிலுக்குப் போவார்கள், எனக்கு அது.

ஞாயிறு மத்தியானங்களில் பூச்சிகள் காற்றாலைக் காட்டைப் பார்த்தன. அவன் பெண்டாட்டி சொர்ணம் அடுப்படி ஜன்னலில் இருந்த ஒன்றை நாலு ஞாயிறு கவனித்துவிட்டு, ஐந்தாவது ஞாயிறு சேலையைச் சொருகிக்கொண்டு அது பார்த்த திசையிலேயே நடந்து போயிருக்கிறாள், எவளோ இருக்கிறாள் என்று. அங்கே எவளும் இல்லை. உடைமரத்தடியில் அவன் தனியாக உட்கார்ந்திருந்தான், மடியில் அந்த நூறு எம்.எம். லென்ஸ், சுற்றி நூறு இருநூறு பூச்சிகள். படம் ஒன்றும் எடுக்கவில்லை.

"இங்க என்ன செய்யுதீய?"

"ஒண்ணாவது வேற பக்கம் பாக்குமான்னு பாக்கேன்."

குழாயடியில் இதைக் கேட்டு வந்து பேச்சித்தாய் என்னிடம் சொன்னாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கொஞ்சம் குறைவாக.

ஏனென்றால் அந்த மாதங்களில் எனக்கும் ஒன்று போய்விட்டது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கேமராவை எடுத்துக்கொண்டு நாங்கள் பழையபடி விடியலில் போனோம். மச்சினன் இன்னொரு பழைய லென்ஸ் கொடுத்திருந்தான், கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் வெற்றுக் குழாய்கள் மூன்று நானே வாங்கினேன். எதை மாட்டினாலும், எவ்வளவு பக்கத்தில் போனாலும், ஆயில் டப்பாவை மேலே பிடித்தாலும் கீழே பிடித்தாலும், எங்களுக்கு விழுந்ததெல்லாம் கழுத்தும் முதுகும்தான். முன்னால் போய் உட்கார்ந்தால் தலை கண்ணெதிரே இருக்கும், ஆனால் கரும்புள்ளி இருக்காது. எங்களைத் தாண்டி, எங்களுக்குப் பின்னால், ஊரின் அந்தக் கடைசியில் தூங்கிக்கொண்டிருப்பவனைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். பேச்சித்தாய் டப்பாவை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, "நான்தான ஒன்னைய மொதல்ல பாத்தேன்," என்று அதனிடம் ஒருநாள் மெதுவாகச் சொன்னாள். நான் கேட்காத மாதிரி இருந்துகொண்டேன்.

தை முடிந்து மாசி பிறந்திருந்தது. ஒரு சாயங்காலம், நான் ஷிப்டுக்குக் கிளம்புமுன் புது ஆயில் டப்பா ஒன்றைக் கத்தியால் வெட்டிக்கொண்டிருந்தபோது, வாசல் வேலியில் இருந்த பூச்சிகளின் தலைகள் ஒவ்வொன்றாக எங்கள் வீட்டுப் பக்கமே நெருங்கித் திரும்பின. யார் வருகிறார்கள் என்று எட்டிப் பார்க்கவில்லை. தவசிக்கனி இளைத்திருந்தான். வாசலிலேயே நின்றான், கையில் அச்சடித்த விண்ணப்பப் பாரம் ஒன்று.

"ஒரு கையெழுத்து வேணும் வே. ரெண்டு பேரு."

சொன்னான். காலேஜுக்குப் போய்ப் பேராசிரியையின் காலில் விழாத குறையாகக் கேட்டிருக்கிறான், பூச்சிக்கு வேறு பேர் வைத்துவிடுங்கள் என்று. அச்சில் வந்த பேர் வந்ததுதான், உலகம் இருக்கிறவரை மாற்ற முடியாது, அதுதான் விதி என்று அந்த அம்மா புத்தகத்தைத் திறந்து காட்டியிருக்கிறார். பூச்சியின் பேரை மாற்ற முடியாது என்றால் தன் பேரை மாற்றுவது என்று முடிவு பண்ணிவிட்டான். கெஜட்டில் கொடுக்க வேண்டும், உள்ளூர்க்காரர் இரண்டு பேர் சாட்சி போட வேண்டும். ஊரில் ஒருவரும் போடவில்லை. ஆசீர்வாதம் சிரித்துவிட்டு டீ கொடுத்தார், ஹெட்மாஸ்டர் பரீட்சை முடியட்டும் என்றார், வனிதா தீர்மானம் போட்டே மறுத்துவிட்டார்.

"நீரு பகல்ல தூங்குத ஆளு. ஓமக்கு அந்தப் பூச்சியால ஒரு பிரயோசனமும் இல்லேல்லா. அதான் ஒம்மட்ட வந்தேன்."

எனக்கு அதனால் என்ன பிரயோசனம் என்று அவனுக்குத் தெரியாது. சைக்கிளில் கால் ஊன்றி நிற்கும் விடியல்கள் அவனுக்குத் தெரியாது. நான் கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"முடியாது அண்ணாச்சி. கேட்டு வாங்குன பேரு. சாகுத வரை வச்சிக்கிடுங்க."

அவன் போகவில்லை. பேச்சித்தாய் நிலைப்படியில் வந்து நின்றாள். அவனிடமிருந்து பாரத்தை வாங்கி எழுத்துக் கூட்டுவதுபோல நிதானமாகப் படித்தாள்.

"புதுப் பேரு தங்கராஜா?"

"ஆமா தாயி."

"அடிச்சிரும்."

"அடிச்சிட்டு?"

"பேச்சிமுத்துன்னு எழுதும்."

வேலியில் ஒன்றும் அசையவில்லை. அவன் என்னைப் பார்த்தான், நான் டப்பாவைப் பார்த்தேன்.

"ஊரு சிரிக்கும் தாயி."

"எம் பேரக் கேட்டா காலேஜ்ல சிரிப்பாவன்னு சொன்னீராம்லா. இங்கயும்தான் கொஞ்சம் சிரிச்சிட்டுப் போகட்டும்." பிறகு பாரத்தின் கீழே விரலை வைத்தாள். "இங்கன பேர் மாத்தக் காரணம்னு ஒரு கட்டம் கெடக்கு. அதுல திருடுனதுனாலன்னு எழுதும்."

எழுதினான்.

நான் அவளை உள்ளே கூப்பிட்டேன். "ஏட்டி, கையெழுத்துப் போட்டா அவன் தப்பிச்சிருவான்."

"தப்பிச்சு எங்க போவான். எம் பேரோடதான போவான்."

"ஊருக்கே அது கடிகாரம். நமக்குக்கூட..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

"நமக்கு என்ன? அது நம்மளையும்தான் பாக்க மாட்டேங்குது," என்றாள். "ஒங்களுக்கு அவன் தூங்காம நடக்கதப் பாக்கணும். எனக்கு அது போதாது."

அவள் முதலில் போட்டாள், பேச்சித்தாய் என்று, ஒவ்வொரு எழுத்தையும் முழுதாக. அதற்குக் கீழே நான் போட்டேன்.

வள்ளியூரில் பாரம் டைப் அடிக்கிற ஆள் திருடினதால் என்பதை அடித்துவிட்டு எண்கணிதப்படி என்று மாற்றினானாம், எல்லாருக்கும் அவன் அப்படித்தான் போடுவானாம். அது எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

கெஜட்டு சித்திரையில் வந்தது. அன்று காலை பத்து மணிக்குச் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. பள்ளிக்கூட மதிலில் இருந்தது ஓர் ஈயைப் பிடித்துத் தலையிலிருந்து தின்ன ஆரம்பித்தது, வால்வுப் பெட்டிமேல் இருந்தது பறந்து போயிற்று, மற்றவை ஒவ்வொன்றும் தத்தம் வேலையைப் பார்த்தன, ஒரு வாரத்துக்குள் முள்ளுக்குள் போய் முள்ளாகிவிட்டன. மணி அடிப்பது தவறித் தவறிப் போனது. ஊருக்கு எங்கள்மேல்தான் கோபம். ஆசீர்வாதம் எனக்குப் பத்து நாள் சர்க்கரை குறைத்துப் போட்டார். தவசிக்கனி என்று வெள்ளைப்பொத்தையில் இப்போது ஆளில்லை. உடைமரத்தில் மட்டும் இருக்கிறது, அதுவும் முள்ளோடு முள்ளாக, அவள் கண்ணுக்கு மட்டும் தெரிகிற மாதிரி.

நேற்றுக் காலை நான் ஷிப்டு முடிந்து வந்தபோது அவள் வாசல் கல்லில் போர்வை அலசிக்கொண்டிருந்தாள். தண்ணீரில் அது கல்லாகக் கனத்தது. ஒரு முனையை என்னிடம் கொடுத்தாள், இருவரும் பிழிய ஆரம்பித்தோம். அப்போது தெருமுனையில் அவனுடைய ஸ்கூட்டர் வந்தது. எங்கள் வீட்டை நிமிர்ந்து பார்க்காமல் வேகமாகத்தான் போனான். ஆசீர்வாதம் தெருக்கோடியில் இருந்த தன் கடைக்குள்ளிருந்து, டீ ஆற்றிக்கொண்டே, சாதாரணமாக, கிண்டல்கூட இல்லாமல், "பேச்சிமுத்து," என்று கூப்பிட்டார்.

அவன் ஒரு காலை ஊன்றித் தலையைத் திருப்பினான்.

பேச்சித்தாய் கையில் போர்வை முனை தளர்ந்து கிடந்தது. தண்ணீர் அவள் பாதத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. ஸ்கூட்டர் கடைப்பக்கம் திரும்பிப் போயிற்று.

"பிடிங்க," என்றாள். அவள் வலப்பக்கமாக முறுக்கினாள், நான் இடப்பக்கமாக முறுக்கினேன்.